இரவல் மூக்கில் காய்ச்சிய பீர்

லீலண்ட் பெல்நர் கூரையிலிருந்து விழுந்தபோது நான் எங்கள் மாட்டுக்கொட்டகை வாசலில் பனியை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அவன் வீடு சாலைக்கு அந்தப் பக்கம். கூரையில் சேர்ந்துவிட்ட பனியைத் தள்ளுவதற்காக ஏணி வைத்து ஏறியிருந்தான். ஏணி வழுக்கிவிட்டது. கராஜுக்கு முன்னால் இருக்கும் சிமெண்டுத் தரையில் பின்தலை மோதிய சத்தம் எனக்கே கேட்டது. நான் ஓடிப்போய்க் குனிந்தபோது கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தான்.

"ஆர்லிஸ்கிட்ட சொல்லாத, ரஸ்," என்றான்.

அவன் மனைவி ஆர்லிஸ் எனக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

கிரீன் பே ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, படம் எடுத்து, சில நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். நடந்தான், பேசினான், ஆட்களை அடையாளம் தெரிந்தது. நல்லபடியாகப் போயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் ஆர்லிஸ் கொடுத்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, தூள் போட மறந்துவிட்டாயா என்று கேட்டிருக்கிறான். அவள் அவன் கையிலிருந்த கோப்பையை வாங்கிக் குடித்துப் பார்த்தாள். காபி சரியாகத்தான் இருந்தது.

மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் நூலைவிட மெல்லியவையாம். தலை பின்னால் அடிபட்டு மூளை முன்னும் பின்னும் குலுங்கும்போது அவை அறுந்துபோகுமாம். சிலருக்குத் திரும்ப வரும், பலருக்கு வராது என்று டாக்டர் சொன்னார். நாக்குக்கு உப்பு, இனிப்பு, புளிப்பு, கசப்பு தெரியும், அவ்வளவுதான். அதற்கு மேல் நாம் ருசி என்று சொல்வதெல்லாம் மூக்கின் வேலை என்பது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

வேறு யாருக்காவது இது நடந்திருந்தால் இவ்வளவு பெரிய அடியாக இருந்திருக்காது. லீலண்ட் எங்கள் ஊர்ச் சீஸ் ஆலையில் தரம் பார்ப்பவன். நான் பால் ஊற்றுவதும் அங்கேதான். குளிர் அறையில் வரிசையாக அடுக்கியிருக்கும் சீஸ் கட்டிகளில் ஓர் இரும்புக் குழலைக் குத்தித் திருகி, விரல் தடிமனுக்கு ஒரு துண்டை வெளியே எடுப்பான். அதை மூக்குக்குக் கீழே மெதுவாக ஒருதரம் இழுப்பான். விரல்களுக்கு நடுவே வைத்துச் சூடாக்கி மறுபடியும் மோப்பான். இது இப்போதே விற்பனைக்குப் போகலாம், இது அடுத்த குளிர்காலம் வரை இருக்கட்டும் என்பான். அந்த ஆள் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. எங்கள் கெவானி ஊரில் அவனுக்கு இருந்த பேரே அதுதான்.

ஆலையில் யாரும் அவனை மோசமாக நடத்தவில்லை. அட்டைப்பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். வேலை முடிந்து வந்து ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், கடமைக்குச் சாப்பிடுவான். அட்டையைச் சாப்பிடுவதுபோல இருக்கிறது, வேலையிலும் அட்டை வீட்டிலும் அட்டை என்று என்னிடம் ஒருமுறை சொன்னான். சிரிப்பதற்காகத்தான் சொன்னான். ஆனால் அவனும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

ஒருநாள் கெட்டுப்போன பாலை ஒரு டம்ளர் முழுக்கக் குடித்து வாந்தி எடுத்தான். இன்னொரு நாள் ஆர்லிஸ் துணி உலர்த்த வெளியே போயிருந்தபோது அடுப்பில் இருந்த சூப் அடிப்பிடித்து, வீடெல்லாம் புகை. அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த லீலண்டுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கண் எரிய ஆரம்பித்த பிறகுதான் எழுந்திருக்கிறான். அதற்குப் பிறகு அடுப்பு எரியும்போது ஆர்லிஸ் அவனைத் தனியாக விடமாட்டாள். அவள் வெளியே சொல்லாமல்தான் செய்தாள், ஆனாலும் அவனுக்குப் புரிந்தது.

பனி உருகத் தொடங்கிய சமயம். அவர்கள் மகள் டெனீஸ் மினியாபொலிஸில் இருக்கிறாள். விபத்துக்கு முன்னால் வந்த கிறிஸ்துமஸுக்கு அவள் அப்பாவுக்கு ஒரு பெட்டி அனுப்பியிருந்தாள். வீட்டிலேயே பீர் காய்ச்சுகிற சாமான்: ஒரு கேலன் கண்ணாடிக் குடுவை, மால்ட் என்கிற, முளைகட்டி உலர்த்தி உடைத்த பார்லி ஒரு பை, கசப்புக்கும் மணத்துக்கும் போடுகிற ஹாப்ஸ் பூ ஒரு பொட்டலம், ஈஸ்ட், ஒரு வெப்பமானி. பிரிக்காமலேயே அலமாரியில் கிடந்தது. எதையோ தேடப்போய் லீலண்ட் அதை எடுத்துப் பிரித்திருக்கிறான். கூடவே இருந்த செய்முறையைப் படித்திருக்கிறான். இந்தச் சூட்டில் தண்ணீர், இவ்வளவு நேரம் ஊறல், பிறகு வடித்துக் கொதிக்கவிடு என்று போட்டிருந்தது. மோந்து பார் என்று ஓர் இடத்திலும் இல்லை.

அன்று சாயங்காலம் நாற்காலி காலியாக இருந்தது என்று ஆர்லிஸ் சொன்னாள். சமையலறையில் நின்றுகொண்டு பானையில் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தானாம். அடுத்த நாள் என்னிடம் வந்து விளக்கம் சொன்னான்.

"சீஸ் மாதிரியேதான், ரஸ். சூடு பண்ணணும், காத்திருக்கணும், வடிக்கணும். வாழ்நாள் பூரா தண்ணிய கொட்டிட்டு கட்டிய வச்சுக்கிட்டேன். இப்போ கட்டிய கொட்டிட்டு தண்ணிய வச்சுக்கறேன்."

பல மாதத்தில் அவன் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

முதல் குடுவை தயாரானதும் ஒரு கிளாஸில் ஊற்றி ஆர்லிஸிடம் கொடுத்தான். அவளுக்குப் பீர் பழக்கமே இல்லை. ஒரு வாய் குடித்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "நல்லா இருக்கு," என்றாள். அவ்வளவு போதும் அவனுக்கு. அடுத்த குடுவை, அதற்கு அடுத்த குடுவை என்று கோடை முழுவதும் காய்ச்சினான். ஒவ்வொன்றையும் அவள் குடித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றாள். எனக்கும் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தான். ரத்த அழுத்த மாத்திரை காரணமாக டாக்டர் எனக்குக் குடியை நிறுத்திவைத்திருந்தார். குளிர்ப்பெட்டியில் வைத்து விருந்தாளி வந்தால் கொடுப்பேன் என்றேன். எங்கள் பக்கம் விருந்தாளி யார் வருகிறார்கள்.

சின்னக் குடுவை அவனுக்குப் போதவில்லை. முழு அளவில் ஒருமுறை காய்ச்சிவிட வேண்டும் என்று பிடித்துக்கொண்டான். ஐந்து கேலன். பாட்டிலில் அடைத்தால் இரண்டு பெட்டி நிறையும். கிரீன் பேயில் இதற்கென்றே கடை வைத்திருக்கும் கார்டி டெல்ஃபாஸிடம் போய்ப் பெரிய பானை, வெளியில் வைத்து எரிக்கிற கேஸ் அடுப்பு, மால்ட்டைச் சூடு ஆறாமல் ஊறவைக்கக் கீழே குழாய் பொருத்திய பெரிய ஐஸ்பெட்டி, ஒரு மூட்டை மால்ட் எல்லாம் வாங்கி வந்து கராஜில் அடுக்கினான். நவம்பரில் மான் வேட்டை தொடங்குவதற்கு முதல் நாள் எல்லோருக்கும் தன் பீர்தான் என்று ஆலையில் சொல்லியும் விட்டான்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுப் பின்புறம் சாப்பாடு. ஆர்லிஸின் அக்கா வெர்னா அல்கோமாவிலிருந்து வந்திருந்தாள். பள்ளிக்கூட நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நாக்கில் வந்ததை நிறுத்திவைக்கும் வழக்கம் அவளிடம் என்றைக்குமே இருந்ததில்லை. லீலண்ட் அவளுக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தான். அவள் வாயருகே கொண்டுபோனாள், நிறுத்தினாள், ஒரு மடக்குக் குடித்தாள், கிளாஸை மேஜையில் வைத்தாள்.

"என்னப்பா இது, காயத்துல ஒட்டின பிளாஸ்திரிய உரிச்சு ஊறப்போட்ட மாதிரி இருக்கு."

லீலண்ட் சிரித்தான். வெர்னா கிண்டல் செய்கிறாள் என்றுதான் நினைத்தான். சிரித்துக்கொண்டே ஆர்லிஸ் பக்கம் திரும்பினான். ஆர்லிஸ் சோளக்கதிரில் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவேயில்லை. உரித்து முடித்த கதிரையே மறுபடியும் உரித்துக்கொண்டிருந்தாள்.

அவன் வெர்னாவின் கிளாஸை எடுத்து, பழக்கதோஷத்தில் தன் மூக்கின் கீழே ஒருமுறை கொண்டுபோய்விட்டு, என்னிடம் நீட்டினான். "நீ மோந்து பாரு, ரஸ்."

மோந்து பார்த்தேன். வெர்னா சொன்னது சரி. முழங்காலில் அடிபட்ட பிள்ளைக்கு ஒட்டும் பிளாஸ்திரியின் வாசனைதான், சந்தேகமே இல்லை. ஆமாம் என்றேன்.

அவன் கோபப்படவில்லை. கிளாஸில் இருந்ததைப் புல்லில் ஊற்றினான். எல்லோருக்கும் சோளம் பரிமாறினான். நாங்கள் கிளம்பிய பிறகு நிலவறையில் இருந்த பாட்டில்களையெல்லாம் ஒன்றுவிடாமல் திறந்து கொட்டிவிட்டு, கராஜில் அடுக்கிய சாமான்கள் மேல் தார்பாயை இழுத்து மூடினான். மறுநாள் முதல் மறுபடியும் ஜன்னலோரத்து நாற்காலி.

ஆர்லிஸோடு அவன் சண்டை போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. நான் ஒருநாள் முட்டை கொடுக்கப் போனபோது சமையலறையில் உட்கார்ந்து என்னிடம் எல்லாம் சொன்னாள். முதல் குடுவையைக் குடித்தபோதே அவளுக்குத் தெரியுமாம். ஆனால் அந்த மனிதன் குளிர்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு அப்போதுதான் எழுந்து நிற்கிறான். கையில் கிளாஸோடு எதிரே நிற்கிறவனிடம் என்னவென்று சொல்வது? முதல் தடவை சொல்லாமல் விட்டாயிற்று, இரண்டாம் தடவை சொன்னால் முதல் தடவை ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அப்படியே வளர்ந்துவிட்டது. இதையெல்லாம் அவனிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொல்லவில்லை என்றாள். என்னிடம் சொல்லி என்ன பயன் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே சொல்லியிருக்கிறாள். நாற்காலிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எனக்குச் சொன்னதையே அவனிடமும் சொல்லியிருக்கிறாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டானாம்.

"பீர் நாசமா போனா போகட்டும்," என்றானாம். "என் மூக்கு செத்துப்போச்சு, ஆர்லிஸ். உன் மூக்கு ஒண்ணுதான் எனக்கு மிச்சம். பால் கெட்டுப்போச்சான்னு உன்னைத்தான் கேக்கறேன். கேஸ் கசியுதான்னு உன்னைத்தான் கேக்கறேன். அதுவும் பொய் சொன்னா நான் எங்க போவேன்?"

அவள் அழுதுவிட்டாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, சரி, இனிமேல் எதுவானாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன், பிறகு வருத்தப்படக்கூடாது என்றாள். அவன் சம்மதித்தான்.

"அப்படின்னா இப்பவே ஒண்ணு சொல்லிடறேன். சவரம் பண்ணிட்டு ஒண்ணு பூசிக்கறியே, அது ரஸ் வீட்டு மாடு வரைக்கும் வீசுது."

"எப்ப இருந்து?"

"ஈஸ்டர்ல இருந்து."

தன் மேல் என்ன வாசனை வருகிறதோ என்ற பயத்தில் அவன் அதை அள்ளி அள்ளிப் பூசிக்கொண்டிருந்திருக்கிறான். சர்ச்சில் அவர்கள் பெஞ்சுக்கு முன் பெஞ்சு காலியாகவே இருப்பதற்கு இதைக் கேட்ட பிறகுதான் எனக்கும் காரணம் விளங்கியது. அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அப்படித்தான் தார்பாய் மறுபடியும் திறந்தது.

பிளாஸ்திரி வாசனை எங்கிருந்து வருகிறது என்று கார்டியிடம் கேட்டார்கள். என்ன தண்ணீர் என்று கேட்டான். நகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றதும் சிரித்துவிட்டானாம். அதில் கலக்கும் குளோரின் மால்ட்டோடு சேர்ந்தால் அந்த வாசனைதான் வரும். காய்ச்சுபவனுக்கு மூக்கு இருந்திருந்தால் முதல் குடுவையிலேயே கண்டுபிடித்திருப்பான். நகராட்சிக் குழாய் லீலண்ட் வீட்டோடு நின்றுவிடும், சாலைக்கு இந்தப் பக்கம் எங்களுக்கெல்லாம் கிணறுதான். பழைய பால் கேன்களைக் கழுவிக் கொண்டுவந்து என் கிணற்றில் நிரப்பிக்கொண்டான். ஆர்லிஸ் கூடவே வந்து, நிரப்புவதற்கு முன் ஒவ்வொரு கேனுக்குள்ளும் தலையை விட்டு மோந்து பார்த்தாள். ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏரியிலிருந்து குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தது. கராஜ் கதவைப் பாதி திறந்துவைத்து, வாசலில் கேஸ் அடுப்பைப் பற்றவைத்தான். கால்பந்து வர்ணனைக்காக நான் ரேடியோவைப் போட்டேன். ஆர்லிஸ் பேசுவது கேட்கவில்லை என்று அணைத்துவிட்டான். அவளைப் பானைக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தான். அவளும் கோட்டும் குல்லாயும் போட்டுக்கொண்டு, ஏதோ பரீட்சை எழுத வந்தவள்போல உட்கார்ந்திருந்தாள்.

சூடான தண்ணீரை ஐஸ்பெட்டியில் ஊற்றி, உடைத்த மால்ட்டைக் கொட்டிக் கிளறினான். பெரிய கஞ்சிப்பானை மாதிரி இருந்தது. வெப்பமானியைச் செருகிப் பார்த்தவன் முகம் மாறியது. இரவெல்லாம் குளிரில் கிடந்த பெட்டி தண்ணீரின் சூட்டைக் குடித்துவிட்டது. இருக்கவேண்டிய சூட்டுக்கு நன்றாகவே கீழே நின்றது முள். சின்னக் குடுவைக்கு அடுப்பைக் கொஞ்சம் தூண்டினால் போதும். இந்தப் பெட்டியை அடுப்பில் வைக்க முடியுமா? ஆர்லிஸ் கேன் தண்ணீரைக் கெட்டிலில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடி, கொதிக்கவைத்துக் கொண்டுவந்தாள். ஊற்றிக் கிளறி, மறுபடியும் ஊற்றிக் கிளறி, ஒருவழியாக முள் ஏறியது. அதற்குள் நேரம் போய்விட்டது. இதனால் பீர் கொஞ்சம் நீர்க்கும் என்றான்.

மூடியைத் திறந்துவைத்து ஆர்லிஸைக் கேட்டான், என்ன வாசனை என்று. அவள் குனிந்து மோந்தாள். நல்ல வாசனை என்றாள். அது போதாது என்றான். அவள் யோசித்தாள்.

"சின்ன வயசுல எங்க அப்பா கன்னுக்குட்டிக்கு ஓட்ஸ் வேகவைப்பாரு. அதுல தேன் விழுந்த மாதிரி. கொஞ்சம் வைக்கோல். அப்புறம்... பழைய மர அலமாரி."

"அலமாரியா?"

"உள்ளதச் சொல்லுன்னுதானே சொன்ன."

அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். இன்னொருமுறை சொல் என்றான். அவள் இன்னொருமுறை சொன்னாள்.

ஊறி முடிந்ததும் குழாயைத் திறந்து சாற்றைப் பானைக்கு வடிக்கவேண்டும். முதலில் கலங்கலாக வந்ததை எடுத்து மெதுவாக மேலேயே திருப்பி ஊற்றினான். தெளிந்து வந்தது, தேன் நிறத்தில். பானையில் கால்வாசி நிறைந்திருக்கும். ஒழுக்கு மெலிந்து சொட்டாகி, சொட்டும் நின்றுவிட்டது. கடையில் மால்ட்டைக் கொஞ்சம் கூடுதலாக அரைத்துவிட்டார்கள்போல. மாவெல்லாம் அடியில் படிந்து களிமண்ணாக அடைத்துக்கொண்டது. நான் ஒரு கம்பை எடுத்துக் கிளறிவிடலாம் என்று போனேன். தொடாதே என்றான்.

பெட்டிக்கு முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தான். உள்ளங்கையை அந்த மால்ட் படுகையின் மேல் வைத்து, அழுத்தாமல், சும்மா வைத்திருந்தான். ஆலையில் தொட்டிக்கு முன்னால் தயிர்க்கட்டி இறுகிவிட்டதா என்று பார்க்க அவன் இப்படித்தான் கை வைப்பான், நான் பார்த்திருக்கிறேன். எழுந்துபோய் நீளமான ரொட்டிக் கத்தியைக் கொண்டுவந்தான். குழாயை மூடிவிட்டு, படுகையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்தான். அடிவரை கத்தியை விடவில்லை, ஒரு தரம்கூட வேகமாக இழுக்கவில்லை. மேலே சூடான தண்ணீரைக் கரண்டியின் பின்புறத்தில் விழும்படி ஊற்றினான். காத்திருந்தான். குழாயை ஒரு நூல் அளவுக்குத் திறந்தான். சாறு வந்தது. மெல்லிய இழையாக, ஆனால் நிற்காமல் வந்தது. அவன் திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தான். கூரையிலிருந்து விழுந்ததற்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

கொதிக்கவைத்து ஹாப்ஸ் பூவைப் போட்டபோது ஆர்லிஸுக்கு வார்த்தை வருவது சுலபமாகிவிட்டது. பைன் மரம் என்றாள். எலுமிச்சைத் தோல் என்றாள். மழைக்குப் பிறகு சாலையோரப் புல்லை வெட்டினால் வருமே, அது என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"பூனையும் இருக்கு."

"என்ன பூனை?"

"கடுவன் பூனை. கராஜ் மூலையில பண்ணிட்டுப் போகுமே, அது."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் மும்முரமாகப் பூனையை விளக்க, அவன் கேட்க, நான் இருவரையும் பார்க்க, பானையை ஒருவரும் பார்க்கவில்லை. நுரை பொங்கி விளிம்பைத் தாண்டி அடுப்பின் மேல் வழிந்து, தீ புஸ்ஸென்று அடங்கியது. மூன்று பேரும் ஓடினோம். பாகு கருகிய நாற்றம் தெரு முழுக்க அடித்தது. லீலண்டைத் தவிர எல்லோருக்கும் தெரிந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் பற்றவைத்தோம்.

செப்புக் குழாய்ச் சுருள் ஒன்றைப் பானைக்குள் இறக்கி, அதற்குள்ளே மட்டும் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டுச் சாற்றை ஆறவைத்தான். மூடியுள்ள பெரிய வாளியில் ஊற்றி ஈஸ்டைத் தூவினான். இனிப்பை அளக்கும் மிதவையைப் போட்டுப் பார்த்துவிட்டு, எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்றான். சக்கையை நான் என் மாடுகளுக்கு எடுத்துக்கொண்டு போனேன். நாங்கள் வாளியை நிலவறைக்கு இறக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் ஆர்லிஸ் நிலவறைக்கு இறங்கி, மூடியில் செருகிய குழாயில் குமிழி வெடிக்கும் இடத்தில் மூக்கை வைத்து மோந்துவிட்டு மேலே வந்து சொல்வாள். முதலில் ரொட்டிக் கடை. அடுத்த நாள் வாழைப்பழம். ஒருநாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து அழுகின முட்டை என்றாள். லீலண்ட் உடனே கார்டிக்குப் போன் பண்ணினான். அது ஈஸ்டின் வேலை, தானாகப் போய்விடும் என்றான் அவன். போய்விட்டது என்று ஆர்லிஸ் வந்து சொல்லும்வரை லீலண்ட் சரியாகத் தூங்கவில்லையாம். ஆனால் ஒன்று, மனதை ஆற்றுவதற்காகவாவது அவள் முன்கூட்டிச் சொல்லிவிடுவாளோ என்று அவனுக்குத் தோன்றவேயில்லை என்று என்னிடம் சொன்னான்.

பாட்டிலில் அடைத்து, நுரை கட்டும்வரை வைத்திருந்து, மான் வேட்டைக்கு முதல் நாள் மத்தியானம் முதல் பாட்டிலைத் திறந்தார்கள். ஆலை ஆட்கள் வருவதற்கு முன்பே நானும் வெர்னாவும் போயிருந்தோம். லீலண்ட்தான் வெர்னாவைக் கட்டாயம் வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தான். கிளாஸில் ஊற்றினான். கொஞ்சம் கலங்கலாக, மங்கிய செம்பு நிறத்தில் இருந்தது. நுரை நின்றது. முதல் கிளாஸை வெர்னாவிடம் கொடுக்கப்போனவன் மனதை மாற்றிக்கொண்டு ஆர்லிஸிடம் நீட்டினான்.

அவள் மோந்தாள். சிறிது குடித்து வாயில் வைத்திருந்து விழுங்கினாள். மறுபடியும் மோந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிளாஸ்திரி இல்ல," என்றாள். "ரொட்டி ஓரம் தெரியுது. அது நல்லா இருக்கு. ஆனா நடுவுல ஒண்ணுமே இல்ல, லீ. தண்ணி. கடைசியில கசப்பு வந்து தொண்டையப் பிடிக்குது. இந்த ஒரு கிளாஸ முடிச்சுடுவேன். இன்னொண்ணு குடுத்தா வேண்டாம்னுதான் சொல்வேன்."

எனக்கு உள்ளுக்குள் சங்கடமாக இருந்தது. அவ்வளவு உழைப்புக்கு இப்படி ஒரு வார்த்தையா என்று தோன்றியது. வெர்னாவே கொஞ்சம் திகைத்துப்போய், தனக்கு அவ்வளவு மோசமாகப் படவில்லை என்றாள். லீலண்ட் அவளைக் கவனிக்கவில்லை. மெல்லத் திரும்பி உட்கார்ந்து, நடுவில் ஒன்றும் இல்லை என்றால் நாக்கின் நடுவிலா, அல்லது முதல் ருசிக்கும் கடைசி ருசிக்கும் நடுவிலா என்று ஆர்லிஸைக் கேட்டான். அவள் இன்னொரு வாய் குடித்துப் பார்த்துப் பதில் சொன்னாள். அவன் தானும் ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்தான். கசப்பு மட்டும் தெரிகிறது, நீ சொன்ன இடத்தில்தான் வருகிறது என்றான். பெட்டியை முதலிலேயே சூடு பண்ணியிருக்கவேண்டும், சாறு நீர்த்ததால்தான் கசப்பு தூக்கலாக நிற்கிறது என்றான். அவன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. தரம் பார்க்கிற அறையில் இரண்டு பேர் நின்று ஒரே கட்டியைப் பற்றிப் பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது எனக்கு.

ஆலை ஆட்கள் வந்தார்கள், குடித்தார்கள். இரண்டு பேர் இரண்டாவது பாட்டில் கேட்டார்கள். ஒருவர் தன் கிளாஸை மரியாதையாக ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனார். நல்ல பீர் என்று புகழ்ந்தவர்களிடமெல்லாம் லீலண்ட், நடுவில் கொஞ்சம் காலி, அடுத்த தடவை சரியாகிவிடும் என்று தானாகவே சொன்னான்.

அடுத்த தடவை சரியாகவில்லை. அதற்கு அடுத்தது பரவாயில்லை. குளிர்காலத்தில் காய்ச்சிய ஒன்றை ஆர்லிஸ் மூன்று கிளாஸ் குடித்தாள், அதை அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். கார்டியின் கடையில் மாதம் ஒருமுறை காய்ச்சுபவர்கள் கூடுவார்கள். லீலண்டோடு துணைக்குப் போன ஆர்லிஸை இப்போது மற்றவர்கள் தங்கள் பாட்டில்களை எடுத்துக்கொண்டு வந்து சூழ்ந்துகொள்கிறார்கள். அவள் மோந்துவிட்டு உள்ளதைச் சொல்லுவாள். ஒருவன் முகம் சிவந்து எழுந்து போய்விட்டானாம். அடுத்த மாதம் திருத்திக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தானாம்.

லீலண்டின் மூக்கு திரும்பவில்லை. ஒருநாள் பானைக்குப் பக்கத்தில் நின்றபோது ஏதோ கருகிய ரப்பர் மாதிரி வந்தது என்றான். இரண்டு நாள் இருந்து போய்விட்டது. டாக்டர் நம்பிக்கையும் கொடுக்கவில்லை, கையையும் விரிக்கவில்லை. அதைப் பற்றி அவன் இப்போது அதிகம் பேசுவதில்லை.

போன வசந்தத்தில் டெனீஸுக்குக் குழந்தை பிறந்தது. ஆர்லிஸ் மினியாபொலிஸுக்குப் போய் இரண்டு வாரம் தங்கினாள். அந்தச் சமயம் கருப்பு பீர் ஒன்று பாட்டிலில் தயாராக இருந்தது. ஒருநாள் லீலண்டுக்கு வேலை இல்லை. கராஜ் வாசலில் உட்கார்ந்திருந்தான். ஒன்றைத் திறந்து பார்க்கலாமே, வேண்டுமானால் நான் மோந்து சொல்கிறேன் என்றேன்.

"வேண்டாம், ரஸ். உனக்கு எல்லாமே மாட்டுக்கொட்டகைதான்," என்றான்.

ஆர்லிஸ் வியாழக்கிழமை வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் கிளாஸ் எங்கே என்று கேட்டாள். பேரன் எப்படி இருக்கிறான் என்று அவன் கேட்டான். தலையில் பால் வாசனை, கழுத்து மடிப்பில் லேசாகப் புளிப்பு, மற்றபடி சுடச்சுட ரொட்டி மாதிரி இருக்கிறான் என்று அவள் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே பாட்டிலைத் திறந்தான்.